மன்னிப்பு கடனல்ல

பேரழிவு இலக்கியம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இப்போது மன்னிப்பில்தான் வந்து முடிகிறது. மன்னித்தவரே மீண்டவர், மன்னிக்காதவர் வன்மத்தில் உழல்பவர் என்ற இந்தக் கணக்குக்கு ருவாண்டாவைச் சான்று காட்டுகிறார்கள். அந்நாட்டின் எழுத்தைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

1994இல் சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர், பெரும்பாலும் டூட்சி இனத்தவர், அங்கே கொல்லப்பட்டார்கள். முதலில் உலகின் கண்ணில் பட்டவை வெளியார் எழுதிய நூல்களே. 1998இல் ருவாண்டா சென்ற ஆப்பிரிக்க எழுத்தாளர்களில் பூபகார் போரிஸ் டியோப், வெரோனிக் தாஜோ இருவரின் நூல்களும் 2000இல் வந்தன. நேர்மையானவை, ஆனாலும் துக்க வீட்டுக்கு வந்தவரின் தயக்கம் அவற்றில் உண்டு. 2003இல் பத்திரிகையாளர் ழான் ஹாட்ஸ்ஃபெல்ட் தன் நூலில் கொலையாளிகளையே பேசவைத்தார். மன்னிப்பு எளிதில் கிடைத்துவிடும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது குலைநடுங்க வைக்கிறது.

2006இல் வந்தது, உயிர் தப்பிய இம்மாகுலே இலிபகிசாவின் நூல். ஒரு போதகர் வீட்டுக் குளியலறையில் வேறு ஏழு பெண்களோடு 91 நாட்கள் ஒளிந்திருந்தவர், தன் குடும்பத்தைக் கொன்றவனைச் சிறையில் சந்தித்து மன்னித்தார். அது அவருடைய விசுவாசம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அதையே எல்லோருக்கும் அளவுகோலாக்கியதுதான் அநீதி. படுகொலைக் குற்றங்களை விசாரித்த கச்சாச்சா ஊர் நீதிமன்றங்களில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவருக்குத் தண்டனை குறைந்தது. கேட்டவருக்குச் சலுகை, கேட்கப்பட்டவருக்கோ அதே ஊரில் அவரோடு வாழ வேண்டிய நிர்ப்பந்தம்.

அதே 2006இல் ருவாண்டா எழுத்தாளர் ஸ்கொலாஸ்டிக் முகசோங்காவின் முதல் நூலும் வந்தது. 2008இல் வந்த ‘வெறுங்கால் பெண்’ அவருடைய தாய் ஸ்டெஃபானியாவைப் பற்றியது. இந்தத் துறையின் ஆகச் சிறந்த படைப்பு இதுவே என்பேன். தான் இறந்தால் உடலைத் துணியால் மூடிவிட வேண்டும், தாயின் பிணத்தை யாரும் பார்க்கலாகாது என்று மகள்களிடம் சொல்லிவைத்த தாய் அவர். படுகொலை நடந்தபோது மகள் பிரான்சில் இருந்தார். மூட உடலும் கிடைக்கவில்லை. அந்த நூலையே தாய்க்குப் போர்த்தினார். கட்டாயமாகக் குடியேற்றப்பட்ட வறண்ட நிலத்திலும் ஸ்டெஃபானியா சோளம் விதைக்கிறார், மரபான வீடு கட்டுகிறார், பிள்ளைகள் தப்பியோட வழி பார்த்துவைக்கிறார். நம்பிக்கை இங்கே அன்றாட வேலையாக இருக்கிறது. யாரையும் மன்னித்துப் பெற்றதல்ல.

கொல்லப்பட்டவர்களைப் பெயரோடும் பழக்கவழக்கத்தோடும் மீட்டெடுப்பதே பேரழிவுக்குப் பிந்தைய இலக்கியத்தின் முதல் கடமை. மன்னிப்பு வந்தால் வரட்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை விமர்சகருக்கும் இல்லை, வாசகருக்கும் இல்லை. ருவாண்டாவைப் படிக்க விரும்புவோர் முகசோங்காவிலிருந்து தொடங்குங்கள்.