சேற்றில் வளர்ந்த பூதமும் கஸ்ப் என்னும் பாடமும்

பூதப்படங்களைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று நம் ஆலிம் நண்பர்களுள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸகரிய்யா அல்கஸ்வீனி விந்தைப் படைப்புகளைப் பற்றியே ஒரு பெருநூல் யாத்தார் என்பதையும், அதனை நம் முன்னோர் படியெடுத்தும் சித்திரந்தீட்டியும் போற்றிவந்தனர் என்பதையும் அவர்கட்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறோம். கஸ்வீனி காட்டும் விந்தைகள் இறைவனின் படைப்பாற்றலுக்குச் சான்றானவை. நாம் இங்கு ஆராயப்புகும் விந்தையோ மனிதன் கொட்டிய கழிவை உண்டு வளர்ந்தது. இவ்வேறுபாடு சிறியதன்று.

1971ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டோஹோ நிறுவனத்தார் ஜப்பானில் வெளியிட்ட 'கோட்ஸில்லாவுக்கு எதிராக ஹெடோரா' என்னும் படத்தையே குறிப்பிடுகிறோம். இயக்கியவர் யோஷிமிட்சு பன்னோ. சுருங்கிய செலவில், ஏறத்தாழ முப்பத்தைந்து நாட்களில், கதைக்காட்சிகளையும் தந்திரக்காட்சிகளையும் ஒரே குழுவினரைக் கொண்டு எடுத்து முடித்தார். அந்த வறுமை படத்தில் தெரியத்தான் செய்கிறது. படைவீரர் சிலரே படையென நிற்கின்றனர். இடையிடையே கேலிச்சித்திரங்கள் உயிர்பெற்று ஓடுகின்றன. கோட்ஸில்லா தன் வாய்நெருப்பையே உந்துவிசையாக்கிப் பின்புறமாகப் பறக்கும் காட்சியைக் கண்டு சிரிக்காதவர் இரார். இவற்றையெல்லாம் மறைத்துப் படத்தைப் புகழ்வது நம் நோக்கமன்று.

ஹெடோரா என்னும் பெயர், கழிவுச்சேற்றைக் குறிக்கும் ஹெடோரோ என்ற ஜப்பானியச் சொல்லினின்று பிறந்தது. ஃபூஜி மலையின் அடிவாரத்தில், சுருகா விரிகுடாவின் கரையில் உள்ள தகோனோவுரா துறைமுகத்தில், காகித ஆலைகள் கழித்த சேறு மண்டிக் கிடந்தது. 1970இல் அது நாடறிந்த பேச்சாயிற்று. யோக்கைச்சி நகரில் பெட்ரோலிய ஆலைகளின் கந்தகப் புகையால் மக்கள் மூச்சிரைப்பு நோய்க்கு ஆளாயினர். மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன்வழி மனிதரின் நரம்புகளை அரித்தது. அந்நோய் 1956இலேயே அறியப்பட்டும், அதற்குக் காரணம் ஆலைக்கழிவே என்று அரசு ஒப்புக்கொள்ளப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 1970 இறுதியில் ஜப்பானிய நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசு தொடர்பான பதினான்கு சட்டங்களை நிறைவேற்றியது. சுற்றுச்சூழலுக்கெனத் தனி அரசு அமைப்பு தொடங்கப்பட்டதும் இப்படம் வெளிவந்ததும் ஒரே திங்களில்தான். ஆகவே, பன்னோவின் பூதம் வெறுங்கற்பனையில் உதித்ததென்று சொல்வதற்கில்லை.

படத்தின் சிறந்த காட்சியொன்று நம் நெஞ்சைவிட்டு நீங்குவதாயில்லை. இரவில் கரையேறும் ஹெடோரா, ஆலையின் புகைபோக்கிமீது அமர்ந்து, ஹுக்கா பிடிக்கும் செல்வர்போல், புகையை ஆழ இழுத்து இன்புறுகிறது. நமக்கு நஞ்சாவது அதற்கு விருந்து. இதைப் பார்த்தபோது கலிங்கத்துப் பரணியின் கூழடுதல் நினைவுக்கு வந்தது. களத்தில் மனிதர் விட்டுச்சென்றதைக் கொண்டு பேய்கள் கூழ் அட்டு உண்டு களிக்கும் அப்பகுதியில் அருவருப்பும் நகையும் பிரிக்க இயலாதவாறு கலந்திருக்கும். இப்படத்திலும் அவ்வாறே. பூதம் வானில் பறந்துசெல்ல, திடலில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த பள்ளிச்சிறுமியர் வரிசையோடு சுருண்டு வீழ்கின்றனர். நடனவிடுதியின் படிக்கட்டில் சேறு பூசிய பூனைக்குட்டி ஒன்று கத்துகிறது. சிரித்துக்கொண்டிருந்தவனின் சிரிப்பு அங்கே நின்றுவிடும்.

ஆயினும் பரணிக்கும் படத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நம் வழக்கே அதன்மீதுதான். பரணியில் அக்களத்தை உண்டாக்கியவர் இன்னாரென்று ஐயமில்லை. குலோத்துங்கனும் கருணாகரத் தொண்டைமானும் பெயர் சொல்லிப் பாடப்படுகின்றனர். பன்னோவின் படத்தில் புகைபோக்கி உண்டு, அதன் உரிமையாளர் இல்லை. சேறு உண்டு, அதைக் கொட்டியவர் இல்லை. போதாக்குறைக்கு ஹெடோராவின் வித்து விண்வெளியிலிருந்து வந்ததென்றும் கதை கூறுகிறது. ஃபஸாத் என்ற அறபுச்சொல் இறைச்சியும் பாலும் கெட்டுப்போவதையும் குறிக்கும், நெறிகேட்டையும் குறிக்கும். தரையிலும் கடலிலும் தோன்றும் ஃபஸாதைப் பற்றிப் பேசும் சூரத்துர் ரூமின் நாற்பத்தொன்றாம் வசனம், அதனை மனிதரின் கைகளோடு சேர்த்தே பேசுகிறது. படம் கெட்ட பாலை நன்கு காட்டுகிறது. கெடுத்த கையை ஓரிடத்தும் காட்டவில்லை.

அதே 1971இல் நோரியாகி ட்சுச்சிமோட்டோ மினமாட்டா மக்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். நோயாளிகளும் அவர்தம் உறவினரும் ஆளுக்கொரு பங்கு வாங்கிப் பங்குதாரர் என்னும் உரிமையோடு 1970 நவம்பரில் ஒசாகாவில் நடந்த நிறுவனத்தின் கூட்டத்திற்குள் நுழைகின்றனர். யாத்திரிகரின் வெள்ளுடை அணிந்திருக்கின்றனர். இறந்த பெற்றோரின் நினைவுப்பலகைகளை ஏந்திய பெண்ணொருத்தி நிறுவனத் தலைவரின் முகத்துக்கு நேரே நின்று கேட்கிறாள். அங்கே பூதம் இல்லை, பொறுப்பாளி இருக்கிறான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவரும், பூதம் என்பது குற்றவாளி தப்பிச்செல்லக் கட்டிய மறைப்போ என்று ஐயுறாமல் இருக்க முடியாது.

அவ்வையத்தோடு நாம் நின்றுவிட்டிருப்போம், அப்படத்தின் முகப்புப் பாடலைக் கவனிக்காதிருந்தால். 'திருப்பிக் கொடு, சூரியனை' என்பது அதன் தலைப்பின் பொருள். பாதரசம், கோபால்ட் என்று நச்சுப்பொருள்களைப் பெயர்பெயராக அடுக்கிச் செல்லும் அப்பாடல் இரப்பதன்று, கேட்பது. மத்ரஸாவில் ஃபிக்ஹு பயின்றோர் கஸ்ப் என்னும் பாடத்தை அறிவர். பிறர் உடைமையைப் பறித்தவன் பறித்த பொருளையே திருப்பித் தருதல் வேண்டும். அது அழிந்துபட்டால் அதை ஒத்ததையோ, அதன் விலையையோ ஈடாகத் தருதல் வேண்டும். ளமான் என்பது இது. பறித்தவன் மனம் வருந்தினால் மட்டும் கணக்குத் தீராது. திருப்பிக் கொடு என்ற சொல்லுக்கு முன்னிலையில் ஒருவன் நின்றே ஆகவேண்டும். கதையில் முகங்காட்டாத பறிப்பாளன், பாட்டின் இலக்கணத்துக்குள் நிற்கிறான். பன்னோ அறிந்தே செய்தாரா என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. சொல் நிற்கிறது, அதுபோதும்.

இதனை நாம் வலிந்து கூறவில்லை என்பதற்கு அமெரிக்கர்களே சாட்சி. 1972இல் அங்கே இப்படத்தை வெளியிட்டவர்கள், அதற்குப் 'புகைமூட்டப் பூதம்' எனப் பெயர் சூட்டியதோடு, அப்பாடலையும் நீக்கிப் 'பூமியைக் காப்பாற்று' என்னும் ஆங்கிலப் பாடலொன்றை வைத்தனர். மெட்டு ஏறத்தாழ அதுவே. ஆனால் வழக்கு தள்ளுபடியாயிற்று! காப்பாற்று என்பது எல்லோரையும் நோக்கிய சொல். எல்லோரையும் நோக்கியதால் எவரையும் தொடாத சொல். கேட்பவன் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சுற்றுச்சூழல் பற்றி நம் காலத்தில் எழுதப்படும் கவிதைகளுள் பெரும்பாலானவை இந்த இரண்டாம் பாடலின் வழிவந்தவையே என்று சொன்னால், கவிஞர்கள் நம்மீது சினங்கொள்வர். கொள்ளட்டும்.

பிற்காலத்தில் இவ்வகைப் படங்கள் பல தோன்றின. 1984இல் அமெரிக்காவில் வந்த 'டாக்ஸிக் அவெஞ்சர்' அவற்றுள் பெயர்பெற்றது. நச்சுக்கழிவுத் தொட்டியில் வீழ்ந்த இளைஞன் அதில் வலிமை பெற்று, தீயோரைத் தண்டிக்கிறான். கழிவு அங்கே சாபமாக இல்லை, வரமாகிவிட்டது. ஆபாசமும் குருதியும் மலிந்த அப்படத்தைப் பற்றி இவ்வேட்டில் மேலும் பேச நாம் விரும்பவில்லை.

ஹெடோராவின் முடிவு வேறுவகையானது. மின்தகடுகளுக்கிடையே உலர்த்தி அதனைக் கோட்ஸில்லா அழிக்கிறது. ஆனால் வெற்றிக்களிப்பு இல்லை. திரும்பிச் செல்லுமுன் அது அங்கு நிற்கும் மனிதரை ஒருமுறை உறுத்துப் பார்க்கிறது. படத்தில் எவரையேனும் நேர்நின்று குற்றஞ்சாட்டும் பார்வை அது ஒன்றே. பின்னர், இன்னுமொன்று வருமோ என்ற கேள்வியைத் திரையில் எழுதிப் படம் முடிகிறது.

படம் எடுக்கப்பட்ட காலத்தில் தயாரிப்பாளர் தோமோயுகி தனாகா மருத்துவமனையில் இருந்தாராம். வெளிவந்து முடிந்த படத்தைக் கண்டு அவர் கடுஞ்சினங்கொண்டார் என்பர். பன்னோவுக்குக் கோட்ஸில்லா படமொன்றை இயக்கும் வாய்ப்பு மறுபடி கிட்டவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 2014இல் அமெரிக்கர் பெருஞ்செலவில் எடுத்த கோட்ஸில்லா படத்தில் நிர்வாகத் தயாரிப்பாளருள் ஒருவராக அவர் பெயர் இடம்பெற்றது. 2017இல் அவர் காலமானார். அந்த அமெரிக்கப் படத்தில் அணுக்கதிரை உண்ணும் பூதங்கள் உண்டு. ஹெடோரா இல்லை.