சித்திரை எனும் நீல மீன்

மே மாத நடுவில், இரவு பத்து மணி வாக்கில், சிறுசேரி ஐ.டி. பூங்காவின் விளக்குகளைத் தாண்டி முட்டுக்காடு, கோவளம் பக்கம் போய்விடுங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் முதலில் மஞ்சள் கலந்த சுவாதி, பிறகு நீலவெண்மையாய்ச் சித்திரை. தெற்கு வானில், அடிவானத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலே நிற்கும். கருவி வேண்டாம். ஆனால் சுவாதியையும் அதையும் மாறி மாறிப் பாருங்கள். அப்போதுதான் அந்த நீலம் பிடிபடும். எனக்கு வானில் இதைவிட இதமான நிறம் வேறில்லை.

அந்த நீலம் வெப்பத்தின் நிறம். சூரியப் பரப்பைவிட நான்கு மடங்கு சூடு. ஒளிப்புள்ளி ஒன்றுதான், விண்மீன்களோ இரண்டு. நான்கு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. நம்மை எட்டும் ஒளி சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது.

சித்திரைப் பௌர்ணமியில் நிலவு இதன் அருகில்தான் நிற்கும்; மாதத்தின் பெயரே அதிலிருந்து வந்தது. மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் 1955 அறிக்கையில் ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தை இதற்கு நேரெதிரே வைத்துத்தான் கணக்கிட்டது. வீட்டுச் சுவரில் தொங்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.