அந்த ஒரு காலின் இடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைக்குப் போகிற டெம்பரேச்சர் கன்ட்ரோலர் எது கையில் கிடைத்தாலும், பிராசசர் யாருடையது என்று நான் பார்ப்பதில்லை. தெர்மோகப்பிள் ஆம்ப்ளிஃபயரின் கெயினை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர் இருக்கிறதே, அதன் கிரவுண்ட் பக்கக் கால் எங்கே இறங்குகிறது? போர்டு போட்டவரின் கை அங்கே தெரிந்துவிடும்.

எஸ் வகை தெர்மோகப்பிள் 1200 டிகிரி வாக்கில் டிகிரிக்கு 12 மைக்ரோவோல்ட்தான் தரும். 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்கு அரை மில்லியோம். சுகர்கியூப் ரிலேயின் 30 மில்லியாம்ப் அப்படி ஒரு சதுரத்தைக் கடந்தாலே 15 மைக்ரோவோல்ட். ஒரு டிகிரிக்கு மேல் போய்விட்டது. டிஸ்ப்ளேயின் விஷமம் இன்னும் அழகு. 1111 என்று காட்ட 8 செக்மென்ட் எரிந்தால் போதும், 1188க்கு 18 வேண்டும். காட்டுகிற எண்ணே அளவைக் கெடுக்கும்!

மருந்து ஒரு அங்குல டிராக். கெயின் ரெசிஸ்டரின் காலைத் தெர்மோகப்பிளின் மைனஸ் டெர்மினலுக்கே கொண்டுபோய், அங்கிருந்து ஒரே வயாவில் இரண்டாம் லேயரில் இருக்கும் கிரவுண்ட் பிளேனுக்கு இறக்க வேண்டும். அதற்கப்புறம் பிளேனில் எவ்வளவு மின்னழுத்தம் விழுந்தாலும் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எதுவும் நுழையாது. கெயின் நூறு என்றால், ஏடிசி பக்கத்தில் வருகிற பிழையும் நூறில் ஒரு பங்காகத்தான் உறைக்கும். இதை யோசித்துப் போட்ட போர்டைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று பிளேனை வெட்டி, நடுவில் ஃபெரைட் பீட் வைக்கும் கட்சிக்காரர்கள் இந்தப் பக்கம் ஏராளம். நான் இஎம்சி நிபுணர் ஹென்றி ஆட் கட்சி: பிளேன் ஒன்றே, பிரிக்க வேண்டியது பாகங்களை. வேகமான சிக்னலின் ரிட்டர்ன் டிராக்குக்கு நேர் கீழேயே ஓடும். வெட்டைத் தாண்டி ஒரு டிராக் போனால் அது சுற்றி வளைத்து வரும், அந்த லூப்பே ஆன்டெனா. ஆனால் ரிலே கரன்ட் டிசி. அது டிராக்கைப் பின்தொடராமல் பிளேன் முழுக்கப் பரவும். அந்த அளவில் அவர்கள் பயம் நியாயம்தான். பவர் கனெக்டரையும் ரிலேயையும் ஒரே ஓரத்தில் வைத்தால், வெட்டாமலேயே அந்தக் கரன்ட் அனலாக் மூலைக்கு அநேகமாக வராது.

லைட் டேபிளில் மைலார் ஷீட்டை விரித்து, இரண்டு மடங்கு அளவில் கறுப்பு டேப் ஒட்டி லேஅவுட் போட்ட தலைமுறை அம்பத்தூரில் இருந்தது. கிடைத்தது இரண்டே லேயர். ஒவ்வொரு கிரவுண்ட் டேப்பையும் பிய்த்து ஒட்டும்போது, எந்தக் கரன்ட் இதில் திரும்புகிறது என்று கேட்டே ஆகவேண்டிய கட்டாயம். இன்று நாலு லேயர் மலிவு. காப்பர் போர் பட்டனை அழுத்தினால் மிச்ச இடமெல்லாம் செம்பு. கெயின் ரெசிஸ்டரின் கால் பக்கத்தில் கிடைத்த வயாவில் இறங்கிவிடுகிறது. டிசைன் ரூல் செக்கும் பாஸ். நெட் பெயர் ஒன்றாக இருந்தால் அதற்குப் போதுமே! ரீடிங் ஆடினால் சாஃப்ட்வேரில் ஆவரேஜ் எடுக்கிறார்கள்.

காக்களூர் எஸ்டேட்டிலிருந்து யாராவது புதுப் போர்டு கொண்டுவந்தால் இன்புட் டெர்மினல்களை ஒரு செம்புக் கம்பியால் ஷார்ட் செய்கிறேன். அறை வெப்பநிலை காட்ட வேண்டும். பிறகு ரிலேயை ஆன், ஆஃப். எஸ் வகை அந்த வெப்பத்தில் டிகிரிக்கு 6 மைக்ரோவோல்ட்தான் தருவதால் பிழை இரட்டிப்பாகத் தெரியும். கடைசி இலக்கம் அசையவில்லை என்றால் லேஅவுட் போட்டது யார் என்று விசாரிப்பேன்.