சாலைக்கு நன்கொடை: சலுகை யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

ஊர்ச் சாலைகளையும் சிறுபாலங்களையும் பராமரிக்க நன்கொடை தருவோருக்கு வரிச்சலுகையைக் கூட்டிக்கொடுத்தால் உள்ளாட்சிகளின் பணமுடை குறையும் என்பார்கள். நோக்கத்தில் பழுதில்லை. வரிச்சலுகை அதற்கு ஏற்ற வழிதானா என்பதே கேள்வி.

வருமான வரிச் சட்டத்தில் 80ஜி என்று நாம் அறிந்த பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்புக்கு அறப்பணிக்காகத் தந்த தொகையில் பாதியை, உச்சவரம்புக்கு உட்பட்டு, வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது. ஆகவே பணம் வங்கி வழியே வருகிறது. ரசீதும் கணக்கும் நிற்கின்றன. கைக்காசைக் கொடுத்தவர் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து, ஜல்லி எவ்வளவு, தார் எவ்வளவு என்று கேட்கவும் செய்வார். இவை மெய்யான பலன்கள்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சதவீத வரி கட்டுபவர் ஒரு லட்சம் கொடுத்தால், செஸ் நீங்கலாக, அவருக்கு 15,000 ரூபாய் மிச்சம். அதே தொகையை 20 சதவீத வரி கட்டுபவர் கொடுத்தால் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். வரி வரம்புக்குள்ளேயே வராத விவசாயிக்கு எதுவுமில்லை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் இல்லை. பொருளாகத் தருவதற்கும் சலுகை இல்லை. கிராமத்தில் எளிதாகக் கிடைப்பதோ டிராக்டரும் சரளை மண்ணும் ஆள்பலமும்தான். வசதியுள்ளவர் வாழும் தெருவுக்கே பொதுப்பணம் மறைமுகமாகப் போய்ச் சேருகிறது.

தமிழ்நாட்டின் 'நமக்கு நாமே' திட்டம் இதைவிட நேர்மையான வழியைக் காட்டியது. 1997-98இல் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021இல் பழைய பெயருக்கே திரும்பியது அது. பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு போடும். பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் மிகுதியாக வாழும் ஊர்ப்புறக் குடியிருப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இங்கே ஊக்கத்தொகை கொடுத்தவரின் சட்டைப்பைக்குப் போகாமல் சாலைக்கே போகிறது. இல்லாதவருக்குக் கூடுதலாகவும் போகிறது.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. நன்கொடை புதிய கட்டுமானத்தைத்தான் நாடுகிறது. அதில்தான் பெயர் பொறிக்க இடமிருக்கிறது. சிறுபாலத்தின் குழாயை மட்டையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்கின்றன. ஐப்பசி மழையில் தண்ணீர் சாலை மேலேறி ஓடுகிறது. ஓரத்து மண் அரிபட்டு, தார் விளிம்பு தொங்கி, பாரவண்டி ஏறியதும் உடைகிறது. மழைக்கு முன்பு இரண்டு ஆட்கள் ஒரு நாள் தூர்வாரியிருந்தால் இந்தச் சேதத்தைத் தடுத்திருக்கலாம். அந்த ஒரு நாள் கூலிக்கு நன்கொடையாளர் யாரும் முன்வருவதில்லை.

ஆகவே சலுகையை உயர்த்துவதைவிட, ஊராட்சிதோறும் பராமரிப்புக்கென்றே தனி நிதி வைத்து, மக்கள் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஊரின் வறுமைக்கேற்ப அரசு பணம் சேர்ப்பதே நியாயம். உழைப்புக்கும் சரளைக்கும் விலை போட்டுப் பங்களிப்பாக ஏற்க வேண்டும். எந்தச் சாலைக்கு முதலில் செலவிடுவது என்பதைக் கிராம சபை முடிவு செய்யட்டும். பணம் கொடுத்தவருக்கும் அங்கே ஒரு குரல்தான் இருக்க வேண்டும்.