முகவர்களின் மௌனம்

லண்டனிலோ நியூயார்க்கிலோ பெரிய பதிப்பகம் ஒன்றில் தன் ஆங்கில நாவல் வர வேண்டும் என்று விரும்பும் புதிய எழுத்தாளர் நேராக அங்கே போக முடியாது. அவற்றில் பெரும்பாலானவை இலக்கிய முகவர் வழியாக வரும் பிரதிகளை மட்டுமே பார்க்கின்றன. ஆகவே ஒரு பக்க அறிமுகக் கடிதம், கதைச் சுருக்கம், தொடக்கப் பக்கங்கள் ஆகியவற்றை முகவர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். ஆறு வாரம் ஆகலாம், மூன்று மாதம் ஆகலாம். முழு நாவலையும் கேட்டு வாங்கியிருந்தால் அரை ஆண்டுகூட ஆகும்.

இந்தத் தாமதத்தை நான் குறை சொல்லமாட்டேன். முகவர் படிப்பதற்குக் காசு வாங்குவதில்லை. நாவல் விலைபோனால்தான் அவருக்கு வருமானம்: உள்நாட்டில் வழக்கமாக 15 விழுக்காடு, வெளிநாட்டு உரிமைகளில் 20. பகல் முழுவதும் தன்னிடம் ஏற்கெனவே உள்ள எழுத்தாளர்களின் ஒப்பந்தங்களுக்கே சரியாகிவிட, புதியவர்களை இரவிலும் விடுமுறையிலும்தான் படிக்க முடிகிறது. வாசிப்புக் கட்டணம் கூடாது என்பது அமெரிக்க முகவர் சங்கத்தின் நெறி. கையில் பணமில்லாதவரின் நாவலும் அதே வரிசையில் நிற்க இடம் கொடுப்பது அந்த நெறிதான். கட்டணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் பதில் தருவதைவிட, வாங்காமல் மூன்று மாதத்தில் தருவது எவ்வளவோ மேல்.

ஒரே சமயத்தில் பலருக்கு அனுப்பலாம் என்பதும் நல்ல வழக்கம். ஒருவர் ஏற்க முன்வந்தால், எழுத்தாளர் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுப் பொதுவாக இரண்டு வாரம் பொறுப்பார். மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த பிரதி அந்த இரண்டு வாரத்தில் படித்து முடிக்கப்படுவதும் உண்டு.

என் மறுப்பெல்லாம் வேறொன்றின் மேல். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என இன்று பல முகமைகள் முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. இது புதிதல்ல. 'ட்வைலைட்' நாவலுக்காக ஸ்டெஃபனி மேயர் 2003இல் அனுப்பிய 15 கடிதங்களில் ஒன்பதுக்கு மறுப்பு வந்தது, ஐந்துக்குப் பதிலே இல்லை, ஒன்றுதான் பலித்தது. ஆனால் அன்று அலட்சியமாக இருந்தது இன்று விதியாகிவிட்டது. தன் கடிதம் படிக்கப்பட்டதா, குப்பை அஞ்சலில் விழுந்ததா, படித்துப் பிடிக்காமல் போனதா என்று எழுத்தாளருக்குத் தெரிய வழியே இல்லை. 'தி ஹெல்ப்' நாவலுக்குக் கேத்ரின் ஸ்டாக்கெட் 60 மறுப்புகளைச் சந்தித்தார். மறுப்பு வர வர நாவலைத் திருத்திக்கொண்டே போனார். மௌனத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவரால் எதைத் திருத்த முடியும்?

மௌனம் இன்னொன்றையும் மறைக்கிறது. கேத்தரின் நிக்கல்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2015இல் ஒரு கட்டுரையில் தன் சோதனையை விவரித்தார். ஒரே நாவலைத் தன் பெயரில் 50 பேருக்கு அனுப்பியபோது இருவர் மேலும் படிக்கக் கேட்டார்கள். ஓர் ஆணின் பெயரில் 50 பேருக்கு அனுப்பியபோது 17 பேர். ஒருவர் செய்த சோதனையை வைத்துத் துறை முழுவதையும் எடைபோட முடியாதுதான். என்றாலும் காரணம் சொல்லாமல், சில சமயம் பதிலே சொல்லாமல் நடக்கும் தேர்வில் இப்படிப்பட்ட சாய்வு வெளியே தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள அவர் பெயரை மாற்ற வேண்டியிருந்தது.

மறுத்து எழுதினால் சிலர் கோபமாகப் பதில் எழுதுகிறார்கள், நேரமும் இல்லை என்கிறார்கள் முகவர்கள். முதல் காரணம் உண்மை. இரண்டாவது முன்போல் செல்லாது. விண்ணப்பங்களை இணையப் படிவம் வழியாக வாங்குபவர் ஒரு சொடுக்கில் மறுப்பை அனுப்பிவிடலாம். விரிவான விமர்சனத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை. 'வேண்டாம்' என்ற ஒரு வரி போதும். முழு நாவலையும் தாமே கேட்டு வாங்கிவிட்டுப் பேசாமலிருக்கும் முகவருக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஒரு மனிதரின் பல ஆண்டு உழைப்பைக் கேட்டு வாங்கியவர் அவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.