வாசலில் பிரேக் ஷூ மாற்றுவது: எதுவரை சரி?

பெங்களூரின் ஜே.சி. ரோட்டில் ஒரு செட் பிரேக் ஷூ வாங்கி, வீட்டு வாசலில் ஆட்டோவை ஜாக்கியில் ஏற்றித் தானே மாற்றிக்கொள்ளும் ஓட்டுநர்கள் உண்டு. இது சிக்கனமா, ஆபத்தா? இரண்டும்தான். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பொதுவாக ஆட்டோவின் மூன்று சக்கரத்திலும் இருப்பது ட்ரம் பிரேக். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் வீல் சிலிண்டரைத் தள்ளும். ஷூ விரிந்து ட்ரம்மின் உட்சுவரைப் பிடிக்கும். 2022இல் போக்குவரத்துத் தரவு நிறுவனமான டாம்டாமின் கணக்குப்படி பெங்களூரின் மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் ஆனது. அந்த நேரமெல்லாம் நகர்வதும் மிதிப்பதுமாகவே போகும். ட்ரம்மில் உரசும் ஷூவின் மேற்பரப்பான லைனர் வேகமாகத் தேயும். 2025 ஆகஸ்டில் உயர்ந்த கட்டணப்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய். அந்த வருமானத்தில் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு பகலைக் கழிப்பது பெரிய இழப்பு. ஆகவே வீட்டில் செய்வதன் முதல் நியாயம் பிழைப்பு.

இரண்டாவது நியாயம் அறிவு. ட்ரம்மைக் கழற்றியவருக்குத் தெரிவது பெடலை மட்டும் மிதிப்பவருக்குத் தெரியாது. சக்கரம் சுழலும் திசையில் இழுபடும் ஷூ ட்ரம்மோடு தானாகவே இறுகும். அதனால் அதன் லைனர்தான் பெரும்பாலும் முதலில் தேயும். இன்னொரு ஷூவை மட்டும் பார்த்து ‘இன்னும் ஓடும்’ என்று முடிவு செய்தால் ஏமாற்றம்தான். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்றே தூக்கிப் பார்த்தால், உள்ளே ஈரம் கசிகிறதா என்பது தெரிந்துவிடும். அவசரத்தில் இருக்கும் மெக்கானிக் விட்டுவிடக்கூடிய இந்தப் பார்வை, வண்டியை நம்பிப் பிழைப்பவரிடம் இருக்கிறது.

குறைகளும் அங்கேயே தொடங்குகின்றன. காசை மிச்சம்பிடிக்கப் பின்சக்கரம் ஒன்றில் மட்டும் புது ஷூ போடுவது மிகத் தவறு. இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முன்னால் ஒரே சக்கரம் உள்ள வண்டி வளைவில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாயும். கவிழும் வாய்ப்பு கூடும்.

அடுத்தது தூசி. பழைய, மலிவான லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நுரையீரல் புற்றுநோய்க்கு அது காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ட்ரம்மை வாயால் ஊதியோ தட்டியோ சுத்தம் செய்தால், அந்தத் தூசி வாசலில் விளையாடும் குழந்தைகளின் மூச்சுக்கும் போகும். ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே சரி.

பெரிய குறை, கண்ணுக்குத் தெரியாததை மறப்பது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிவிட்டால் அதற்கான வரம்பு 140தான். கொதித்து ஆவியானால் பெடல் வெறுமனே கீழே போகும். அப்போது புது ஷூ காப்பாற்றாது.

என் முடிவு இது: ஷூ, ஸ்பிரிங், அட்ஜஸ்ட்மென்ட் ஆகியவற்றைப் பழகியவர் வீட்டில் பார்க்கலாம். ஜாக்கியோடு ஸ்டாண்டும் வேண்டும். செங்கல் அடுக்கு போதாது. வீல் சிலிண்டர் கசிவு, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டர், ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுப்பது’ ஆகியவை ஒர்க்‌ஷாப் வேலை. வேலை முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது மெல்ல இறங்கினால் வண்டி சவாரிக்குப் போகக் கூடாது.

வண்டியைச் சோதித்துத் தரும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, வண்டிக்கு எட்டு ஆண்டு ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். லைனர் அதுவரை காத்திருக்காது. இடைப்பட்ட மாதங்களில் பயணியின் உயிரைக் காப்பது ஓட்டுநரின் கைதான். அதைக் குறை சொல்வதைவிட, ஆட்டோ சங்கங்களும் போக்குவரத்துத் துறையும் ஆட்டோ ஸ்டாண்டுகளிலேயே முறையாகப் பயிற்றுவிப்பது எல்லோருக்கும் நல்லது.