வாங்கியவளும் வாங்கிய மீனும்

தமிழில் 'மீன் வாங்கிய பெண்', 'பெண் வாங்கிய மீன்', 'மீன் வாங்கிய கடை' என மூன்றுக்கும் ஒரே 'வாங்கிய' போதும். பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறையும் கொண்டு முடியும் என்கிறது நன்னூல். அந்தப் பெயர் எந்த உறவில் வருகிறது என்பதைக் கேட்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். பிலிப்பினோ மொழியில் அதை வினையே சொல்லிவிடுகிறது. அந்த மொழியில் என்னை முதலில் மயக்கியது இதுதான்.

பாபாயெ என்றால் பெண். இஸ்தா என்றால் மீன். மீன் வாங்கிய பெண், 'பாபாயெங் பூமிலி நங் இஸ்தா'. பெண் வாங்கிய மீன், 'இஸ்தாங் பினிலி நங் பாபாயெ'. மீன் வாங்கிய கடை, 'திந்தாஹாங் பினில்ஹான் நங் இஸ்தா'. யாருக்காக மீன் வாங்கப்பட்டதோ அந்தக் குழந்தை, 'பாதாங் இபினிலி நங் இஸ்தா'. நான்குக்கும் வேர் 'பிலி'தான். அதன் உள்ளே ஓரிடத்தில் 'ஊம்' நுழைகிறது, மற்ற இடங்களில் 'இன்' நுழைகிறது. குழந்தைக்காக முன்னால் ஓர் 'இ' ஒட்டுகிறது. கடைக்காகப் பின்னால் 'ஹான்' சேரும்போது வேரின் கடைசி இகரம் கழன்றுவிடுகிறது. என்ன நேர்த்தி!

பெயரையும் தொடரையும் பிணைக்கும் ஒலியை அங்கே பாங்-ஆங்கோப் என்கிறார்கள். உயிரில் முடியும் சொல்லோடு 'ங்' ஒட்டும். னகரத்தில் முடிந்தால் அந்த 'ன்' போய் 'ங்' வரும், திந்தாஹான் திந்தாஹாங் ஆனதுபோல. மற்ற மெய்களுக்குப் பின் 'நா' தனியே நிற்கும்: 'லாபிஸ் நா பினிலி', வாங்கிய பென்சில். புணர்ச்சியில் பழகிய நம் காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. வாக்கியத்தில் 'ஆங்' என்ற குறியோடு வரும் தலைமைப் பெயரைத்தான் பொதுவாக இப்படி வெளியே எடுக்க முடியும். மீனைப் பற்றிப் பேச நினைத்துப் 'பூமிலி'யைப் பிடித்தால் தொடர் நிற்காது. எழுவாயை மட்டுமே இவ்வாறு எடுக்கவிடும் மொழிக்கு மொழியியலாளர்களான எட்வர்ட் கீனனும் பெர்னார்ட் காம்ரியும் 1977-இல் காட்டிய உதாரணம் மலகாசி. அது பிலிப்பினோவுக்கு உறவுமொழி. படிக்கும்போது இது கெடுபிடியாகத் தெரியலாம். ஆனால் எந்தப் பெயரையும் தலைமைக்கு உயர்த்த வினையில் ஒரு வடிவம் காத்திருக்கும்போது கெடுபிடி எங்கே இருக்கிறது?

பிலிப்பினோ கற்கத் தொடங்குபவர்கள் வினை வடிவங்களைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். பூமிலியைப் பெண்ணோடும், பினிலியை மீனோடும், பினில்ஹானைக் கடையோடும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.